பேப்பர் வயதும் வீட்டு வயதும்

அன்று காலை நான் வாயில் பிரஷ்ஷோடு வாசலில் நின்றேன். மச்சான் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"ஏலே, அருவியத் திறந்துட்டானுவ! கெளம்புலே, கெளம்பு!"

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். கடையநல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது. ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். முகக்கவசம் மோவாயில் தொங்க, தோளில் குற்றாலத் துண்டு கிடக்க, அவர் வந்த வேகத்தில் எதிர்வீட்டு ஆடு பயந்து ஒதுங்கியது. கொரோனா வந்த நாளிலிருந்து பூட்டிக் கிடந்த குற்றால அருவிகளில் அன்றுதான் மறுபடி குளிக்க விட்டார்கள். எட்டு மாதத்துக்கும் மேலாகிவிட்டது! இது எங்கள் பக்கத்து ஆளுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. நான் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கியபோது சாரல் உச்சத்தில் இருந்தது. தென்காசி ரோட்டில் நின்று, மலையில் வெள்ளையாக விழுகிற தண்ணீரைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். அப்போது வந்த ஆத்திரம் இன்னும் மறக்கவில்லை.

"நெசமாவா மச்சான்?" என்று கேட்டபோது பேஸ்ட் நுரையைப் பாதி விழுங்கிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் இருவரின் வயதைச் சொல்லியாக வேண்டும். அது கொஞ்சம் வில்லங்கமான சங்கதி.

எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று வீட்டு வயது. அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த உண்மையான வயது. இன்னொன்று பேப்பர் வயது. பள்ளிக்கூடத்திலோ பாஸ்போர்ட்டிலோ ஏறி, பிறகு ஆதார் வரைக்கும் போய் நிலைத்துவிட்ட வயது. நான் பதினேழு வயதில் வளைகுடாவுக்குக் கிளம்பியபோது, குறைந்தது இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும் என்று ஏஜெண்ட் சொன்னார். என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, எதையும் அளவோடு செய்யத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று இருபத்தைந்து போடச் சொல்லிவிட்டார். மீசைகூட ஒழுங்காக முளைக்காத முகத்தோடு இருபத்தைந்து வயதுக்காரனாக விமானம் ஏறினேன். கல்யாணப் பேச்சின்போது பெண் வீட்டார் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு முகம் சுளித்ததும், அத்தா பள்ளிக்கூடச் சான்றிதழைத் தேடி வீட்டைப் புரட்டியதும் தனிக் கதை.

மச்சானின் கதை இதற்கு நேர் எதிர். அவர் சின்ன வயதில் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். பதினோரு வயதில்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனார். அவ்வளவு பெரிய பையனை ஒன்றாம் வகுப்பில் எப்படிச் சேர்ப்பது என்று யோசித்த தலைமையாசிரியர், ஐந்து வயது என்று எழுதிப் பிரச்சினையை முடித்துவிட்டார். அந்த ஐந்து அவரோடு அலுவலகம் வரைக்கும் வந்துவிட்டது.

ஆக, நான் சொல்கிற அந்த நாளில், கார்டுப்படி மச்சானுக்கு ஐம்பத்தொன்பது, எனக்கு அறுபத்தாறு. வீட்டில் மச்சானுக்கு அறுபத்தைந்து, எனக்கு ஐம்பத்தெட்டு. "ரெண்டு பேரும் கார்ட மாத்திக்கிட்டா எல்லாம் சரியாயிரும், ஒரு வருஷம் முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதான்" என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

நாற்பது வருடமாக இது வெறும் சிரிப்பாகத்தான் இருந்தது. கொரோனா வந்தது, யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி வயது என்றாகிவிட்டது.

வளைகுடாவில் நான் ஒரு சூப்பர் மார்க்கெட் குடோனில் இருந்தேன். அறுபதைத் தாண்டியவர்கள் அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று மேனேஜர் ஒரு தாள் ஒட்டினார். அதில் இருந்தது ஒரே ஒரு பெயர், என் பெயர்! அறையில் என்னோடு இருந்த மற்றவர்கள் கடையம் பக்கத்துப் பையன்கள், வடகரைப் பையன்கள். நல்ல பிள்ளைகள். சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, "பெரியவரே, நாங்க போன பொறவு எடுத்துக்கோங்க" என்பார்கள். அவர்களோ முகக்கவசத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஊர் சுற்றினார்கள். "நமக்கு ஒண்ணும் செய்யாதுலே, வயசானவங்களத்தான் தூக்குது" என்று ராத்திரி அதே அறைக்குத் திரும்பி வந்து, என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று பேசினார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் எனக்கு ஐம்பத்தெட்டுதான் என்று வாயைத் திறந்தால் பாஸ்போர்ட் பொய் என்று ஆகிவிடும். பொய் பாஸ்போர்ட்டுக்கு அங்கே ஜெயில். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

இதில் ஒரு வேடிக்கை. இரண்டு மாதம் அந்த அறையில் கிடந்த பிறகு, எனக்கு உண்மையாகவே அறுபத்தாறு ஆகிவிட்டது. முழங்கால் வலித்தது. காலையில் எழுந்ததும் மூச்சை அடக்கி எத்தனை நொடி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டேன். கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்த்துப் பயந்தேன். கடைசியில், மூத்தவர்களுக்கு முன்னுரிமை என்று சொல்லி முதல் விமானத்திலேயே என்னை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள்.

ஊருக்கு வந்தால் இங்கே மச்சான் இளைஞனாகத் திரிந்துகொண்டிருந்தார்! காய்ச்சல் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டு வந்த பெண்களிடம், "இங்க அறுபதுக்கு மேல ஆளே கெடையாதும்மா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அலுவலகம் போனார், சந்தைக்குப் போனார், அடைத்த தெருவுக்கெல்லாம் அரிசிப் பை தூக்கிப் போனார். நான் கூட வருகிறேன் என்றால், "ஏலே கிழவா, நீ உள்ள இரி. நான் சின்னப்பய, போயிட்டு வாரேன்" என்பார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று நினைத்தேன். பாதி நம்பியே சொன்னார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது அருவிக்கு வருகிறேன்.

தென்காசியைத் தாண்டிக் குற்றாலம் ரோட்டில் திரும்பியதும் காற்றே மாறிவிட்டது. இரண்டு பேரும் முகக்கவசத்தை இறக்கிவிட்டு மூச்சை இழுத்தோம். ஈர மண், எண்ணெய், வறுத்த கடலை எல்லாம் கலந்த அந்த வாசம்! வழி நெடுக வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. யாரும் யாரையும் திட்டவில்லை. மலையில் நல்ல மழை பெய்திருந்தது. மெயின் அருவியின் இரைச்சல் கடைவீதிக்கே கேட்டது. மச்சானுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உள்ளே போகும் இடத்தில் கயிறு. கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அறுபத்தைந்தும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் அனுமதி இல்லை. ஒரு போலீஸ்காரர் நெற்றியில் கருவியை வைத்துக் காய்ச்சல் பார்த்தார், இன்னொருவர் கார்டைப் பார்த்தார்.

என் கார்டைப் பார்த்தவர், "பெரியவரே, நீங்க போக முடியாது. அங்கன ஓரமா உட்காருங்க" என்றார்.

மச்சானின் கார்டைப் பார்த்து, "நீங்க போங்க சார்" என்றார்.

மச்சானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சட்டையையும் செருப்பையும் போனையும் என் கையில் திணித்தார். "இங்கனயே இரி தாத்தா, எங்கயும் போயிராத" என்றார். எங்களுக்குப் பின்னால் நின்ற கல்லூரிக் கூட்டத்தில் ஒருவன், "தாத்தா, வழி விடுங்க. உங்களுக்குத்தான் ரிஸ்க்கு" என்றான். அக்கறையாகத்தான் சொன்னான், அதுதான் இன்னும் எரிந்தது. சார், அந்த ஆளுக்குத்தான் அறுபத்தைந்து, என்னைவிட ஏழு வயது மூத்தவர், அவரைப் பிடியுங்கள் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மச்சானுக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. வயதைக் குறைத்து எழுதியது வெளியே தெரிந்தால் வேலையும் பென்ஷனும் என்னாகும் என்ற பயம் அவர் வீட்டில் எப்போதும் உண்டு. வாயை மூடிக்கொண்டேன்.

இடைவெளி விட்டு நிற்கத் தரையில் வட்டம் போட்டிருந்தார்கள். தண்ணீரைப் பார்த்த பிறகு வட்டமாவது ஒன்றாவது! ஒரே தாரைக்குக் கீழே நாற்பது ஐம்பது பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தில் ஒருவர் கூச்சல் போட்டுக்கொண்டு நின்றார்கள். மச்சான் இரண்டு கையையும் தூக்கி ஆடினார். என் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நானும் குதித்தேன், "மச்சான், நடுவுல போங்க, நடுவுல!" என்று கத்தினேன். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு கருத்திருந்தது. மூச்சு வாங்கியது. அவருக்குப் பக்கத்தில் அதே நேரம் வந்த பையன்கள் பஜ்ஜிக் கடைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், உங்களுக்கு அறுபத்தஞ்சு" என்றேன் மெதுவாக.

"சத்தம் போடாதலே" என்று போலீஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

ஐந்தாம் நாள் அவருக்குக் காய்ச்சல். அக்கா வறுத்த மீனில் வாசமே இல்லை என்றார். சமையலைக் குறை சொல்கிறார் என்று அக்கா ஒரு பொழுது முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் மல்லித்தூள் டப்பாவுக்குள் மூக்கை விட்டுப் பார்த்து, அதிலும் வாசமில்லை என்று அவர் சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது. எல்லோரும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டோம். அக்காவுக்கும் எனக்கும் இல்லை. அவருக்கு இருந்தது. அருவியில்தான் வந்ததா, அலுவலகத்திலா, அரிசிப் பையிலா என்று யாருக்குத் தெரியும்?

தென்காசியில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். உடம்பு முழுக்க மூடிய உடுப்பில் ஒரு பெண் டாக்டர், வரிசையில் வந்தவர்களைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். அறுபதுக்குக் கீழே இருந்து மூச்சும் பரவாயில்லை என்றால் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு. அறுபதைத் தாண்டியிருந்தால் உள்ளே சேர்த்துவிடுவது. மச்சானின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார். தொண்ணூற்றைந்து.

"வயசு?"

"அம்பத்தொம்பது" என்றார் மச்சான். கார்டையும் நீட்டினார்.

டாக்டர் மாத்திரைச் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். அருவியில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. மச்சான் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து அழுத்தினார். என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"டாக்டர், இவங்களுக்கு அறுபத்தஞ்சு. அந்தக் கார்டு தப்பு" என்றேன்.

"அவன் உளறுதான் டாக்டர், நீங்க எழுதுங்க."

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுய்யா சரி? வெளியில முப்பது பேரு நிக்காங்க."

வேறு வழி தெரியவில்லை. என் கார்டை எடுத்து மேசையில் வைத்தேன். நாற்பது வருடமாக எந்த அதிகாரியிடமும் சொல்லாததைச் சொன்னேன். "இதுல அறுபத்தாறுன்னு போட்டிருக்கு பாருங்க. எனக்கு அம்பத்தெட்டுதான். பாஸ்போர்ட்டுக்காக ஏத்துனது. இவங்களுக்குப் பள்ளிக்கூடத்துல கொறச்சது. எங்க தெருவுல கார்டு இப்படித்தான் டாக்டர். என்ன வேணும்னாலும் புடிச்சுக் குடுங்க, இவங்கள மட்டும் வீட்டுக்கு அனுப்பிராதீங்க."

மறுபடி வளைகுடா போகலாம் என்ற நினைப்பு அப்போதும் என்னிடம் மிச்சம் இருந்தது. மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். முகக்கவசத்துக்கு மேலே அவர் கண் மட்டும் தெரிந்தது. அவ்வளவு கோபத்தை அந்தக் கண்ணில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

டாக்டர் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். "சீட்டுல நான் கார்டு வயசத்தான் எழுதணும், எழுதிருதேன். ஆனா நான் பார்க்கப்போறது அறுபத்தஞ்சு வயசு ஆளை" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "பெட் ஒண்ணு பாருங்க" என்று குரல் கொடுத்தார்.

அந்த டாக்டரின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. எங்கே பார்த்தாலும் எழுந்து நிற்பேன்.

மூன்று நாள் மச்சான் என் போனை எடுக்கவில்லை. அக்காவிடம் மட்டும் இரண்டு வார்த்தை பேசினார். நான்காம் நாள் காலையில் அங்கிருந்த நர்ஸ் பேசினார். சும்மா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கு அளவு எண்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டதாம், உடனே ஆக்சிஜன் வைத்துவிட்டார்களாம். "வீட்டுல இருந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு" என்றார். அக்கா "யா அல்லா" என்று சொல்லிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தெருவில் இறங்கி, எங்கே போகிறேன் என்று தெரியாமல் பள்ளிவாசல் வரைக்கும் நடந்தேன்.

பதின்மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். இளைத்து, தாடி வெளுத்து, வீட்டு வயதுக்கும் மேலே போயிருந்தார். அலுவலகத்தில் யாரும் எதையும் கேட்கவில்லை. என்னையும் யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை, "ஏலே, அந்த மல்லித்தூள் டப்பாவ எடு." எடுத்துக் கொடுத்தேன். மோந்து பார்த்தார். "லேசா வருது" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் டப்பாவைப் பிடுங்கி நானும் மோந்து, பத்துத் தும்மல் தும்மினேன். அக்கா எங்கள் இருவரையும் திட்டித் தீர்த்தாள்.

அருவியை மறுபடி மூடினார்கள். நடுவில் தடுப்பூசி வந்தது. மச்சான் ஓய்வு பெற்றார், பென்ஷனும் ஒழுங்காக வந்தது. அடுத்த முறை அருவியைத் திறந்த அன்று காலையில் தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடியது நான்தான். "மச்சான்! திறந்துட்டானுவ! கெளம்புங்க!"

வண்டியை நானே ஓட்டினேன். அதே கயிறு, அதே பலகை, வேறு போலீஸ்காரர்.

"வயசு?" என்றார் மச்சானைப் பார்த்து.

மச்சான் கார்டைக் கையில் வைத்துக்கொண்டே, "அறுபத்தாறு" என்றார். என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

போலீஸ்காரர் கார்டை வாங்கிப் பார்த்தார். "அறுபதுன்னுல்லா போட்டிருக்கு? போங்க, போங்க."

"அது பேப்பர் வயசு சார். வீட்டு வயசு அறுபத்தாறு. நான் இங்கனயே நிக்கேன்" என்றார் மச்சான். பிறகு என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவன உள்ள விடுங்க."

என் கார்டில் அறுபத்தேழு. போலீஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். "வெளையாடுதீங்களா ரெண்டு பேரும்?"

"இல்ல சார். இவனுக்கு அம்பத்தொம்பதுதான். இவன் பொறந்த அன்னைக்கு எனக்கு ஏழு வயசு. இவங்க வீட்டுக்குப் பக்கத்துலதான் நூல் சுத்திக்கிட்டு இருந்தேன். ஆம்பளப் புள்ள பொறந்திருக்குன்னு இவங்க அத்தா தெருவுக்கே சீனி குடுத்தாங்க. நான் ரெண்டு தடவ கை நீட்டி வாங்கித் தின்னேன். நான் சாட்சி சார்."

இந்தச் சீனிக் கதையை அவர் என்னிடம்கூட அதுவரை சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்? சொன்னால், வேறு யார் காதிலாவது விழுந்து அவர் வயதும் சேர்ந்தல்லவா வெளியே வரும். போலீஸ்காரர் கொஞ்ச நேரம் சிரித்தார். "எங்க அப்பாவுக்கும் இதே கதைதான்" என்று கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

குனிந்து உள்ளே ஓடினேன். ஆமாம், ஓடினேன்! தண்ணீர் தலையில் விழுந்த முதல் அடியிலேயே வாயைத் திறந்து கத்திவிட்டேன். மூன்று வருடத் தாகம். அந்தக் குடோன் அறையில் உடம்பில் ஏறிய எட்டு வயதும் முதுகு வழியாக இறங்கிப் போயிற்று. முழங்கால் வலியை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை. தண்ணீருக்கு நடுவே கண்ணைத் திறந்து பார்த்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம், என் சட்டையும் செருப்பும் கையில் இருக்க, முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றிப் போட்டுக்கொண்டு மச்சான் குதித்துக்கொண்டிருந்தார். ஏதோ கத்தினார். இரைச்சலில் கேட்கவில்லை.

வெளியே வந்ததும், "என்ன மச்சான் கத்துனீங்க?" என்று கேட்டேன்.

"நடுவுல போ, நடுவுல போன்னு கத்துனேன்லே, காது கேக்கலியா?" என்றார். பிறகு தோளில் கிடந்த குற்றாலத் துண்டை எடுத்து என் தலையில் போட்டு, இரண்டு கையாலும் அழுத்தித் துவட்டத் தொடங்கினார். பஜ்ஜிக் கடையில் நின்ற இரண்டு பேர் பார்த்துச் சிரித்தார்கள். நான் அவருக்கு எட்டும்படி தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தேன்.